தண்ணீர்த்தொட்டிக் கம்பத்தின் நூறு விநாடி

‘உங்கள் இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்தெட்டு வருடமாக எடையளவு முத்திரை ஆய்வாளராக இருக்கிறேன். மீன் கடைத் தராசு, பெட்ரோல் பங்க், ஆட்டோ மீட்டர் என்று ஒன்று விடாமல் சோதித்து முத்திரை குத்திய கை இது. தராசு வைத்திருப்பவன் பொய் சொல்வான், வாங்க வந்தவனும் பொய் சொல்வான், தராசு மட்டும் சொல்லாது என்பது என் கட்சி. ஆகவே மாசி மாதக் கடைசித் திங்கட்கிழமை, கையில் மூன்று நோட்டீஸ்களோடு தங்கபுஷ்பம் என் அறைக்குள் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பின்னாலேயே இன்னொரு ஆளும் வந்தார். பெயர் இசக்கிராஜ், வாடகைக் கார் ஓட்டுகிறார், அவருடைய மகள் இந்த அம்மாவின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்பதெல்லாம் நான் கேட்காமலே முதல் நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

“நான் இந்த அக்காவுக்காக வரல சார்,” என்றார் இசக்கிராஜ். “அப்பா அம்மாமாரு எல்லாரும் சேந்து என்னைய அனுப்பிருக்காங்க. வேன்ல பத்தொம்பது பிள்ளைங்க. அதுகள வச்சுக்கிட்டு இவங்க வேகமாப் போனாங்களா இல்லையா? அது தெரியுத வரைக்கும் யாரும் பிள்ளைய ஏத்த மாட்டோம்.”

“போகல,” என்றார் தங்கபுஷ்பம்.

“போனீங்கன்னுதான நோட்டீஸ் சொல்லுது.”

“நோட்டீஸ் என்ன வேன்ல ஒக்காந்தா வந்துச்சு?”

சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நோட்டீஸ்களை வாங்கிப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதத்தவை. எல்லை நாற்பது கிலோமீட்டர். அவருடைய வேகம் நாற்பத்திரண்டரை, நாற்பத்தொன்றே முக்கால், மறுபடியும் நாற்பத்திரண்டரை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஐஸ் கம்பெனி எதிரில் ஒரு கம்பம். அங்கிருந்து சரியாகப் பத்துக் கிலோமீட்டர் தெற்கே, தண்ணீர்த்தொட்டி எதிரில் இன்னொரு கம்பம். நடுவில் மூன்று பள்ளிக்கூடங்கள், ஒரு சந்தை. வண்டி முதல் கம்பத்தைக் கடந்த நேரத்தையும் இரண்டாவது கம்பத்தைக் கடந்த நேரத்தையும் கேமரா குறித்துக்கொள்ளும். பதினைந்து நிமிடத்துக்கு முன்பே வந்து சேர்ந்தால் நாற்பதைத் தாண்டியதாக அர்த்தம். மூன்று முறை தாண்டினால் ஓராண்டுக்கு உரிமம் போய்விடும். போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவதும் இல்லை, வண்டிக்காரர் அவர் கையில் எதையாவது திணிப்பதும் இல்லை என்பதால் ஊரே இந்தச் சட்டத்தைக் கொண்டாடியது. நானும்தான் கொண்டாடினேன். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார்கள். இயந்திரம் தவறு என்று அதற்கு முத்திரை வைத்த ஆய்வாளரே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு கம்பங்களுக்கும் முத்திரை வைத்தவன் நான்.

“ஏம்மா, அந்தக் கம்பத்துக்குள்ள என்ன இருக்கு தெரியுமா?” என்றேன். “அணுக் கடிகாரம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நூறு வருஷம் ஓடினாலும் ஒரு விநாடி பிசகாது. நெட்வொர்க்ல மாட்டினா எவனாவது உள்ள புகுந்து நேரத்தை மாத்திருவான்னு, ரெண்டு கம்பத்துக்கும் தனித்தனியா வச்சு, பெட்டியப் பூட்டி, மேல ஈய முத்திரை குத்திருக்கு. அதைப் போயி தப்புங்கீங்க.”

“அது சரி சார்,” என்றார் தங்கபுஷ்பம். “அப்ப வரும்போது ஏன் பிடிக்கல?”

“எங்க வரும்போது?”

“தெக்க போகும்போது பிள்ளைங்க இருக்கு. முள்ள நாப்பதுக்கு மேல ஏற விட மாட்டேன். அதுல மூணு நோட்டீஸ். தண்ணித்தொட்டி தாண்டிப் பள்ளிக்கூடத்துல எறக்கிட்டு வடக்க திரும்பும்போது வண்டி காலி. அடுத்த டிரிப்புக்கு இருவது பிள்ளைங்க ஐஸ் கம்பெனிகிட்ட நிக்கும். எட்டு அம்பத்தஞ்சுக்குப் பள்ளிக்கூட கேட்டைச் சாத்திருவாங்க. அதனால நாப்பத்திமூணு, நாப்பத்திநாலுன்னு மிதிச்சுதான் வாரேன். மறைக்கல. அதுக்கு ஒரு நோட்டீஸ்கூட வரல. நியாயமா அதுக்குல்லா வந்திருக்கணும்?”

இசக்கிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். “எக்கா, இதை ஏன் இங்க வந்து சொல்லுதீங்க? கெடுத்தீங்க காரியத்த.”

இத்தனை வருடத்தில் நான் தப்பே செய்யவில்லை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், மிரட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்த தப்பை இயந்திரம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். பொய் சொல்கிறவர் இப்படியா சொல்வார்? எரிச்சல் போய், மண்டைக்குள் ஏதோ குறுகுறுக்க ஆரம்பித்தது. சோதனைக் கடிகாரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இசக்கிராஜ் தன் காரிலேயே எங்களைக் கூட்டிப்போனார்.

ஐஸ் கம்பெனிக் கம்பத்தை நான் திறந்துகொண்டிருந்தபோது, லாரியில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, “சார், இது தெக்க போற வண்டியத்தான் பிடிக்கும். வடக்க வாரதை விட்டிரும். எங்க டிரைவர்மாருக்கு எல்லாம் தெரியுமே,” என்றார்.

“தெரிஞ்சா ஏன்யா யாரும் சொல்லல?”

“விட்டிருதுன்னு யாராவது புகார் குடுப்பாங்களா சார்?”

அதுவும் நியாயம்தான். என் சோதனைக் கடிகாரத்தைக் கம்பத்தின் கடிகாரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். இங்கே ஒரு மணி, அங்கேயும் ஒரு மணி. மயிரிழை வித்தியாசம் இல்லை. தண்ணீர்த்தொட்டிக் கம்பத்துக்குப் போய் அங்கேயும் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அதுவும் அப்படியே. எனக்குப் பெருமை திரும்ப வந்துவிட்டது.

“பாத்துக்கிடுங்க,” என்றேன். “ரெண்டும் அச்சு. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?”

தங்கபுஷ்பம் கம்பத்தின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இப்ப இதுல மணி என்ன சார் ஆகுது?”

நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. என் சோதனைப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருக்கின்றன. கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்பதற்கு ஏழு கட்டம். கடிகாரத்தில் மணி என்ன என்பதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. எங்கள் தொழிலின் பழக்கம் அது. எடைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, சோதித்து, முத்திரை குத்துவோம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று ஒப்பிட மாட்டோம். கடிகாரங்களையும் நான் கல்லைப் போலத்தான் பார்த்திருந்தேன்.

தண்ணீர்த்தொட்டிக் கம்பத்தில் மணி மூன்று, பத்து நிமிடம், இருபது விநாடி. என் கடிகாரத்தில் மூன்று, பன்னிரண்டு நிமிடம். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். திரும்ப ஐஸ் கம்பெனிக்குப் போகச் சொன்னேன். அங்கே கம்பமும் என் கடிகாரமும் ஒத்திருந்தன. தண்ணீர்த்தொட்டிக் கம்பம் மட்டும் நூறு விநாடி பின்னால் இருந்தது. ஒரு விநாடி பிசகாமல், அதே நூறு விநாடி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

“அதனால என்ன சார் ஆகும்?” என்று கேட்டார் இசக்கிராஜ்.

காரின் பானட்டில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். “தெக்க போற வண்டி உண்மையில எடுத்துக்கிட்ட நேரத்துல நூறு விநாடிய இது முழுங்கிரும். சீக்கிரம் வந்தாப்ல காட்டும். முப்பத்தாறைத் தாண்டினாலே நாப்பதுன்னு சொல்லும். வடக்க வாரவனுக்கு நூறு விநாடியக் கூட்டிக் குடுக்கும். அவன் நாப்பத்தஞ்சு வரைக்கும் போகலாம், நல்ல பிள்ளைன்னு விட்டிரும்.” அவருடைய மூன்று நோட்டீஸையும் திரும்பப் போட்டேன். முப்பத்தெட்டு. முப்பத்தேழரை. முப்பத்தெட்டு.

இசக்கிராஜ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா வேகமாப் போகல,” என்றார் தணிந்த குரலில்.

“அதத்தான நாலு நாளா கத்திக்கிட்டு கெடக்கேன்,” என்றார் தங்கபுஷ்பம். கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நூறு விநாடி எங்கே போயிற்று? கம்பங்களை நிறுவிய நிறுவனத்தின் எஞ்சினியர் விக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“விக்டர் தம்பி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் சார். தேங்கா ஒடையல சார்.”

“என்னது?”

“திறப்பு விழா ஞாபகம் இருக்கா? தை வெள்ளி. அந்தக் கடிகாரத்துக்கு நேரத்தை முன்னாடியே ஊட்டி வச்சிருவோம். பொத்தானை அமுக்கினதும் பத்து இருபத்தெட்டுல இருந்து ஓட ஆரம்பிக்கும். அப்ப சரியா பத்து இருபத்தெட்டுக்கு அமுக்கணும். ஐஸ் கம்பெனியில எல்லாம் சரியா நடந்துச்சு. தண்ணித்தொட்டியில தேங்கா மொத அடியில ஒடையல, ரெண்டாவது அடியிலயும் ஒடையல. அப்புறம் காத்துல சூடம் அணைஞ்சுபோச்சு. தலைமை தாங்க வந்தவரு தேங்கா ஒடையாம பொத்தான்ல கை வைக்க மாட்டேன்னுட்டாரு. அமுக்கும்போது பத்து இருபத்தொம்பது நாப்பது.”

எல்லாம் ஞாபகம் வந்தது. நானும் அங்கேதான் நின்றேன், மாலையும் கழுத்துமாக. “சரிப்பா, உடனே மறுபடி நேரத்தை ஊட்டியிருக்கலாம்லா?”

“அஞ்சு நிமிஷம் குடுங்கன்னு கேட்டேன் சார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். நீங்கதான், ‘ராகு காலத்துல எவனாவது முத்திரை வைப்பானா, அமுக்கச் சொல்லு வே’ன்னு சத்தம் போட்டீங்க.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாம்.”

“அதுக்குள்ள முத்திரை குத்திட்டீங்க சார். அதை ஒடைச்சா எனக்கு ஜெயில். நூறு விநாடிதானன்னு விட்டுட்டேன்.”

போனை வைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் நான் அறிக்கை எழுதினேன். முத்திரை தவறு என்று ஆய்வாளர் எழுதினால், முத்திரை வைத்த நாள் முதல் எல்லாப் பதிவுகளும் திரும்பக் கணக்கிடப்பட வேண்டும் என்பது விதி. ஏழு வாரப் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் போட்டு, தண்ணீர்த்தொட்டி நேரத்தோடு நூறு விநாடியைச் சேர்த்து ஓடவிட்டேன். தெற்கே போனவர்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். நாற்காலியில் சாய்ந்து காப்பியைக் கையில் எடுத்தேன். அப்போது திரை இன்னும் நகர்ந்துகொண்டே இருந்தது.

விதி ஒரு திசைக்கு மட்டும் இல்லையே. வடக்கே வந்தவர்களின் பட்டியல் ஓட ஆரம்பித்திருந்தது. இதுவரை தப்பித்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். மூன்று முறைக்குக் குறையாமல் தாண்டியவர்கள் மட்டும் மூவாயிரத்து நானூறு பேர். அதில் தங்கபுஷ்பத்தின் வேன் எண் இருபத்தேழு முறை. எல்லாம் காலை எட்டேகால் மணிக்கு மேல், காலி வண்டி. பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளினால் என் ஸ்கூட்டர். பத்தொன்பது முறை. மாலை ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வடக்கேதான் போவேன். எனக்கு ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லை என்று ஆபீஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன் நான்.

தீர்ப்பு அலுவலர் பத்மலோசனி மேடத்திடம் அறிக்கையைக் கொண்டுபோனேன். நிதானமானவர். இரண்டு பட்டியலையும் முழுக்கப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நயினார் சார், ஒரே நாள்ல மூவாயிரத்து நானூறு பேரு வண்டி ஓட்டக் கூடாதுன்னா இந்த ஊரு என்ன ஆகும்? இதுல ஆம்புலன்ஸ் டிரைவர் இருக்காரு, பால் வண்டி இருக்கு. நீங்களே இருக்கீங்க. கடிகாரத்தை இன்னையிலேர்ந்து சரி பண்ணிருங்க. பழசைத் தோண்ட வேண்டாம். அந்த அம்மா ஒரு கருணை மனு கொடுக்கட்டும். இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். அவங்க லைசென்ஸ் அவங்க கையிலேயே இருக்கும்.”

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஸ்கூட்டரும் பிழைத்தது, என் பெயரும் பிழைத்தது. தங்கபுஷ்பத்தையும் இசக்கிராஜையும் வரச்சொல்லி, நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னேன்.

“கருணைன்னா என்ன சார் எழுதுவாங்க?” என்று கேட்டார் தங்கபுஷ்பம்.

“வேகமாப் போனது உண்மை, இந்த ஒரு தடவை மன்னிச்சு விடுதோம்னு எழுதுவாங்க.”

“பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வேகமாப் போனது?”

“அது... ஆமா.”

“மத்தவங்களுக்கு? என்னைய மாதிரி தெக்க போயி மாட்டுனவங்களுக்கு?”

“அது அப்படியேதான் இருக்கும்.”

கையை நீட்டினார். மேஜையில் இருந்த பட்டியலைக் கொடுத்தேன். இருபத்தேழு வரியையும் விரலை வைத்துப் படித்தார். “சார், இதுல பிள்ளைங்க வண்டியில இருக்கும்போது ஒண்ணாவது இருக்கா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“ஏழு வாரத்துல ஒரு நாள்கூட இல்லம்மா. கூடுனது முப்பத்தெட்டு.”

“அப்ப இதையே குடுங்க.”

இசக்கிராஜ் எழுந்துவிட்டார். “எக்கா, புரிஞ்சுதான் பேசுதீங்களா? இதக் குடுத்தா ஒரு வருஷம் லைசென்ஸ் போயிரும். வேன் சும்மா நிக்கும்.”

“போகட்டும். வேகமாப் போனேன், அதுக்குப் போகட்டும். போகாததுக்கு மன்னிப்பு வாங்கிட்டு வந்து நின்னா நீ உன் பிள்ளைய ஏத்துவியா? சொல்லு.” இசக்கிராஜ் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தங்கபுஷ்பம் என் பக்கம் திரும்பினார். “பிள்ளைங்க இருக்கும்போது மெதுவாப் போணும்னா அதுக்கு நேரம் எங்கருந்து சார் வரும்? காலி வண்டியிலருந்துதான் எடுத்தேன். எனக்கு வேற வழி தெரியல.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் இறங்கி வந்து வழி செய்துகொடுத்தால் உதறிவிடுகிறாரே என்ற கோபம். அது அவர் மேல் வந்த கோபம் இல்லை என்று தெரிய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். தேங்காயையும் எழுதினேன், ராகு காலத்தையும் எழுதினேன், சத்தம் போட்டது நான் என்பதையும் எழுதினேன்.

விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. பத்மலோசனி மேடம் இரண்டாயிரம் பேரின் நோட்டீஸை ரத்து செய்தார். தங்கபுஷ்பத்தின் உரிமமும் என் உரிமமும் மற்றவர்களுடையதும் ஓராண்டுக்குப் போயின. ஆம்புலன்ஸுக்கும் பால் வண்டிக்கும் வெளியூரிலிருந்து டிரைவர்கள் வந்தார்கள். ஆபீஸில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். நான் பஸ்ஸில் போய் வந்தேன். பட்டியலை இசக்கிராஜ் நகல் எடுத்து எல்லா அப்பா அம்மாவிடமும் கொண்டுபோய்க் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். காலையில் வேனை அவரே ஓட்டுவதாக ஏற்றுக்கொண்டார். சவாரிக் காரை ஒன்பதரைக்கு மேல் எடுத்துக்கொள்வார். தங்கபுஷ்பம் வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாடு ஒரு மாதம் ஓடியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் இசக்கிராஜ் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு நோட்டீஸ்.

“இது என்ன? நான்தான் ரெண்டு கடிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, விநாடி விநாடியா ஒப்பிட்டு முத்திரை வச்சிருக்கேனே,” என்றேன்.

“கடிகாரம் சரியாத்தான் இருக்கு சார். நான் போனது நாப்பத்திநாலு. காலியா வரும்போது.” தலையைக் குனிந்துகொண்டார். “நாப்பதுலயே வந்து பாத்தேன் சார், மூணு நாளு. ரெண்டாவது டிரிப்பு பிள்ளைங்க கேட்டுக்கு வெளிய நின்னுச்சு. ஒரு பிள்ளை அழுதுட்டு. அக்கா மணியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அடுத்த நாளு என் காலு தன்னால மிதிச்சிட்டு. இன்னும் ஒண்ணு வந்தா எனக்கும் போயிரும். கார்ப் பிழைப்பும் போயிரும். புகாருன்னு வரல. நீங்க எதையாவது தோண்டிக் கண்டுபிடிப்பீங்களேன்னு வந்தேன்.”

அவர் என்னைக் கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. எனக்கோ அந்தக் குறுகுறுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. மறுநாள் காலை சோதனைக் கடிகாரப் பெட்டியோடு அந்த வேனில் ஏறிக்கொண்டேன்.

முதல் டிரிப்பில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினோம். இசக்கிராஜ் முள்ளை நாற்பதிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. ஐஸ் கம்பெனியில் இருபது பிள்ளைகள் ஏறினார்கள். தங்கபுஷ்பம் ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றி, “பையை மடியில வையி, ஜன்னல்ல தலைய நீட்டாத,” என்று அதட்டினார். புறப்படும்போது எட்டு முப்பத்தைந்து. ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் வேன் நின்றபோது வாட்ச்மேன் கேட்டைச் சாத்திப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

என் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பத்தொன்று.

“ஏம்ப்பா, எட்டு அம்பத்தஞ்சுக்குத்தானே சாத்தணும்?” என்றேன்.

“ஆயிட்டே சார்.” வாட்ச்மேன் வராந்தாவில் தொங்கிய பெரிய சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அதில் எட்டு ஐம்பத்தாறு.

“அது அஞ்சு நிமிஷம் முன்னால ஓடுது.”

“ஓடல சார், வச்சிருக்கு. அப்பத்தான் பிள்ளைங்க நேரத்துக்கு வரும்னு. எனக்கு முந்தி இருந்தவரு காலத்துலருந்தே அப்படித்தான்.”

நான் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“பள்ளிக்கூடத்துக் கடிகாரம் எப்பவும் அப்படித்தான் சார். எங்க வீட்லயும் பத்து நிமிஷம் கூட்டித்தான் வச்சிருக்கேன். ஊருக்கே தெரியும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சாத்திய கேட்டைப் பார்த்தார், கேட்டுக்கு வெளியே பையோடு வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷம்,” என்றார். “நான் ஒன்றரை நிமிஷத்துக்காக்கும் சார் மிதிச்சேன்.”

கேட்டைத் திறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. வாட்ச்மேன் கையிலிருந்து சாவியை வாங்கித் தானே திறந்தார். வராந்தாவில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“எக்கா, ஹெட்மாஸ்டர் கேப்பாரு,” என்றார் வாட்ச்மேன்.

“முத்திரை ஆய்வாளர் வந்து பாத்துட்டுப் போனாருன்னு சொல்லு,” என்றேன்.

சுவர்க் கடிகாரத்தைத் தொட எந்தச் சட்டத்திலும் எனக்கு அதிகாரம் இல்லை. முள்ளை ஐந்து நிமிடம் பின்னால் திருப்பி என் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். பெட்டியிலிருந்து கம்பியையும் ஈயத்தையும் எடுத்து, முள்ளைத் திருப்புகிற திருகை யாரும் தொட முடியாதபடி கட்டி, மேலே ஒரு முத்திரை குத்தினேன்.